ஒன்பதாவது வரி

இஸ்மத் வேலை பார்த்த பம்ப்செட் தொழிற்சாலையில், கம்பி சுற்றும் பிரிவுக்குப் புதிதாக வரும் எந்தப் பெண்ணுக்கும் முதல் நாள் முதல் பாடம் ஒன்றுதான். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் வேலைமுறைத் தாளின் முன் அவரை நிறுத்துவார்கள். தாளில் பதினான்கு வரிகள். எட்டு வரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். எட்டு முடிந்ததும் ஒரு கை நீண்டு வந்து கண்ணாடியை மறைக்கும்.

"ஒம்பதாவது வரியப் படிக்காதீங்க கண்ணு. பத்துக்குப் போயிருங்க."

"ஏனுங்க்கா?"

"அது அப்புடித்தான். ஒம்பதுக்கு மட்டும் இந்தப் பக்கம் வந்து கையப் பாருங்க."

அந்தக் கை பெரும்பாலும் இஸ்மத்தின் கையாகத்தான் இருக்கும்.

அவர்கள் செய்வது ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும் மோட்டார். தண்ணீரிலேயே மூழ்கிக் கிடந்து ஓட வேண்டியது என்பதால் அதன் செம்புக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு. குழாய் போன்ற இரும்புக் கூட்டின் உள்பள்ளங்களில் அந்தக் கம்பியைக் கையாலேயே இழுத்துச் சுற்றி, இரு முனைகளிலும் வெளியே வளைந்து திரும்பும் கம்பிக் கற்றையை நூலால் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு மின்கசிவு பார்ப்பார்கள். "கற்றையை நூலால் இறுக்கமாகக் கட்டவும்" என்பதுதான் ஒன்பதாவது வரி. பிரிவில் ஒருவரும் இறுக்கமாகக் கட்டுவதில்லை. இடது கைச் சுண்டுவிரலைக் கற்றைக்கும் நூலுக்கும் நடுவே வைத்துக் கட்டி, முடிச்சு விழுந்ததும் விரலை உருவிக்கொள்வார்கள். ஊறும்போது கற்றை சற்றுப் பருக்கும். விரல் விட்டுப்போன இடத்தை அது எடுத்துக்கொள்ளும். நூல் தானாக இறுகும். முதலிலேயே இறுக்கினால் நூல் பிளாஸ்டிக்கில் பதிந்து மெல்ல அறுக்கும். சோதனையில் அது தெரியாது. மோட்டார் கிணற்றுக்குள் இறங்கி இரண்டு மூன்று வாரம் ஓடிய பிறகு, விவசாயிக்குத் தெரியும்.

ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிலிருந்து தணிக்கைக்காரர் வருவார். சுவரில் உள்ளதைக் கை செய்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அன்று மட்டும் எல்லோரும் தாளின்படி இறுக்கிக் கட்டுவார்கள். இஸ்மத்தின் பக்கத்து மேசைக்காரரான செல்லாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுக்கிற இழுப்பில், தணிக்கைக்காரர் ஓரடி பின்வாங்கி "போதும்மா, போதும்மா" என்பார். அவர் டீ குடிக்கப் போனதும் கத்தரிக்கோல்கள் வெளியே வரும். கட்டிய அத்தனையும் வெட்டி, விரல் வைத்து மறுபடி கட்டப்படும்.

"அந்த மனுசன் ஒருக்கா வந்துட்டுப் போனா அரைக் கண்டு நூலு தெண்டம்" என்று செல்லாத்தாள் சொல்வார். "அவருக்கு ஒரு சேலையே நெய்ஞ்சு குடுத்துருக்கலாம்."

இருபத்தொரு வருடம் இது இப்படியே நடந்தது. ஏன் நடந்தது என்பதைச் சொல்ல, அந்தத் தாளை எழுதியது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இஸ்மத் தொழிற்சாலைக்குள் வந்தது 1991 ஜூன் 10ஆம் தேதி, கூட்டிப் பெருக்கும் வேலைக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கோட்டைமேட்டிலிருந்து உக்கடம் வரை நடந்து, காந்திபுரத்தில் பஸ் மாறி, கணபதிக்கு வருவார். கம்பி சுற்றும் மேசைகளின் கீழே துண்டுக் கம்பிகளைப் பொறுக்கும்போது நிமிர்ந்து மேலே பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட இரும்புக் கூட்டில் கழித்துப் போட்ட கம்பியைச் சுற்றிப் பார்த்துப் பழகினார். ஆங்கில எழுத்தைக் கம்பிச் சுருளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் கற்றார். 1993இல், வேலைக்கு ஆள் குறைந்த ஒரு வாரத்தில் காலியாக இருந்த மேசையில் அவரை உட்கார வைத்தார்கள், பிறகு எழுப்பவில்லை.

காகிதத்தைத் தூக்கி எறியும் பழக்கம் அவரிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வேலைக்கு எடுத்த கடிதம், வருகை அட்டை, மாற்றிய மேசையின் எண் எழுதிய துண்டுச்சீட்டு என்று எல்லாம் தேதிவாரியாகப் பதினான்கு கோப்புகளில், நாடா கட்டி, வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. "வீட்டுப் பத்திரம்கூட நம்மகிட்ட இத்தன பத்திரமா இல்ல" என்பார் அவருடைய கணவர் ஷாஹுல், தையல் மெஷின் பழுது பார்ப்பவர்.

2004இல் நிறுவனம் ஒரு தரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. ஒவ்வொரு வேலைக்கும் எழுத்தில் ஒரு முறை வேண்டும் என்றார்கள். அப்போதைய ஃபோர்மேன் மருதாசலம் இஸ்மத்தின் மேசைக்கு வந்தார்.

"ஏனம்மணி, நீங்க எப்புடிச் சுத்தறீங்களோ, அத அப்புடியே ஒரு தாளுல எழுதிக் குடுத்துருங்க. உங்களாட்ட இங்க யாருக்கு எழுத வருது?"

ஒன்பது நாள் மாலையில், மாதக் காலண்டர் தாள்களின் பின்புறத்தில், அடித்து அடித்து எழுதிப் பதினான்கு வரிகளாக்கி, ஜனவரி 12, திங்கட்கிழமை காலை கொடுத்தார். 23ஆம் தேதி அது கண்ணாடிச் சட்டத்தில் ஏறியது. ஒரு சொல்கூட மாறவில்லை. இஸ்மத் எப்போதும் கொஞ்சம் அதிகமாகப் போடும் அரைப்புள்ளிகள்கூட அப்படியே இருந்தன. அடியில் ஒரு கட்டம். அதில் "தயாரித்தவர்: ஆர். மருதாசலம், ஃபோர்மேன்" என்று இருந்தது.

அதற்கு ஆறு நாள் கழித்துத்தான், திரும்பி வந்த மூன்று மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தபோது, எரிந்த இடம் மூன்றிலும் நூல் பதிந்த கோட்டிலேயே இருப்பதை இஸ்மத் கண்டார். அதுவரை எல்லோரும், அவரும்தான், இறுக்கித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். விரல் வைக்கும் கட்டு அன்று பிற்பகல் பிறந்தது. மறுநாளே, "ஒன்பதாவது வரி தவறு, திருத்தித் தரக் கோருகிறேன்" என்று கடிதம் எழுதி, கார்பன் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று மருதாசலத்திடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்த நகல் ஐந்தாம் கோப்பில் பதினேழாவது தாள்.

மருதாசலம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"தாளு மேல ஏறிப்போச்சுங்க அம்மணி. இப்பத் தப்புன்னு எழுதுனா, எழுதுனவன் முட்டாளாயிருவான்."

"எழுதுனது யாருங்க?"

அவர் கண்ணாடியை மட்டும் பார்த்தார். "கையில சரியாச் செஞ்சுபோடுங்க. தாளு அதுபாட்டுக்குத் தொங்கட்டும்."

அது தொங்கியது. 2012இல் மருதாசலம் ஓய்வுபெற்றுக் கிணத்துக்கடவில் தன் தென்னந்தோப்புக்குப் போனார். அதன் பிறகு வந்த எந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தாலும் அந்த வரியைத் திருத்தியிருப்பார்கள். இஸ்மத் சொல்லவில்லை. இன்னொருவர் பெயரில் இருக்கும் தாளைத் திருத்த நான் யார், கடிதம் கொடுத்தாகிவிட்டது, நகல் இருக்கிறது என்று இருந்துவிட்டார். புதிதாக வருகிறவர்களின் கண்ணை மறைக்கும்போதெல்லாம் அவருக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை: அந்த மனிதரின் பெயரில் தொங்கும் தாளை யாரும் நம்புவதில்லை.

2024 ஜூனிலிருந்து 2025 ஜூன் முடிய, பிரிவில் ஒன்பது மூத்த பெண்களில் ஏழு பேர் ஓய்வுபெற்றார்கள். செல்லாத்தாள் போனது மார்ச்சில். இஸ்மத்தின் நாள் ஆகஸ்ட் 31. இதே வேளையில் நிறுவனம் கிணத்துக்கடவில் ஒரு புதிய கொட்டகை போட்டு, பதினொரு பெண்களை எடுத்து, கம்பி சுற்றும் வேலையில் பாதியை அங்கே மாற்றியது. இயந்திரங்கள் போயின, மேசைகள் போயின, தண்ணீர்த் தொட்டிகள் போயின. வேலைமுறைத் தாளும் லேமினேட் செய்யப்பட்டுப் போனது. தாளை மறைக்கும் கை மட்டும் போகவில்லை.

ஜூன் 9இலிருந்து ஜூலை 7க்குள் இருபத்தாறு மோட்டார்கள் திரும்பி வந்தன.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அருண்குமார் நாற்பது வயதுக்காரர். நிறுவனத்துக்கு வந்து ஆறு வருடம். எதையும் பட்டியல் போட்டுத்தான் நம்புவார் என்பதால் இஸ்மத்துக்கு அவரைப் பிடிக்கும். ஜூலை 12ஆம் தேதி அவர் பட்டியலோடு வந்தார்.

"எனக்கொண்ணும் புரியலீங்க்கா. கம்பி சரி, கூடு சரி. அங்க இருக்கற புள்ளைங்க தாளுல இருக்கற மாதிரியே வரி வரியாச் செஞ்சிருக்கறாங்க."

"அதுதானுங்க தப்பு" என்றார் இஸ்மத்.

பிறகு ஒரு பழைய கூட்டை மடியில் வைத்து, சுண்டுவிரலை வைத்துக் கட்டி, உருவிக் காட்டினார். அருண்குமார் விரலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஆறு வருடத்தில் பதினொரு தணிக்கைகளுக்கு அவரே கூட நின்றிருந்தார்.

"அப்ப எங்கண்ணு முன்னாடி இறுக்கிக் கட்டுனதெல்லாம்?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் வெட்டிருவமுங்க."

அருண்குமாருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கேட்டதும் இஸ்மத் கதை முழுவதையும் சொன்னார்.

"வெரல் வெச்சுக் கட்டறத இப்பவே அங்க போன்ல சொல்லிப்போடுங்க. அதுக்கு நான் நிபந்தன வெக்கல. ஆனா தாளத் திருத்தறதுன்னா, மொதல்ல அடியில இருக்கற கட்டத்தத் திருத்தோணும். எழுதுனவ நானு. ஆகஸ்ட் முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள என்ற பேரு அதுல ஏறோணும்."

அருண்குமார் திருத்தப் படிவத்தை எடுத்து வந்து அவர் முன் விரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேரு ஏறுச்சுன்னா, ஒம்பதாவது வரியும் உங்க பேர்லதானுங்க ஏறும். இருவத்தாறு மோட்டார். மேல கேப்பாங்க. இன்னும் அம்பது நாளு. இத்தன வருசத்துல உங்க மேல ஒரு மெமோ கெடையாது, பேசாம மாலைய வாங்கிட்டுப் போகலாமுங்க்கா."

"ரெண்டு மெமோ இருந்துச்சுங்க. ரெண்டும் தப்புன்னு அவுங்களே திருப்பி வாங்கிக்கிட்டாங்க. நகல் இருக்குது."

ஆனால் அன்று மாலை உக்கடம் பஸ் நிலையத்தில் செல்லாத்தாளைப் பார்த்தபோது இஸ்மத்தின் நடையில் அந்த மிடுக்கு இல்லை. பேத்திக்கு வளையல் வாங்க வந்திருந்த செல்லாத்தாள், விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கென்ன கிறுக்கா புள்ள? அவன் தலையில கெடக்கற தப்ப அவுத்து உன்ற தலையில கட்டிக்கறயா? அதும் சுண்டுவெரல் வெக்காம?"

"தப்பு என்றதுதானுங்க்கா. தாளும் என்றது."

"தாளு உன்றதுன்னு நம்ம ஒம்பது பேருக்குந் தெரியும்."

"அதுல ஏழு பேரு ஊட்டுக்குப் போயிட்டீங்களே."

செல்லாத்தாள் பையை எடுத்துக்கொண்டார். பஸ் வந்து ஏறும்போது திரும்பி, "எதுக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சுக்க" என்றார், இஸ்மத்தைச் சிரிக்க வைப்பதற்காக.

ஜூலை 17ஆம் தேதி அருண்குமாரின் காரில் இஸ்மத் கிணத்துக்கடவுக்குப் போனார். மடியில் ஐந்தாம் கோப்பு. பதினொரு பெண்களும் சுற்றி நின்றார்கள். அவர் கட்டிக் காட்டினார். ஒவ்வொருவரையும் கட்டச் சொல்லி, விரல் உருவிய இடைவெளியில் தன் விரலை விட்டுப் பார்த்தார். முன்வரிசையில் நின்ற நித்யஸ்ரீ என்ற பெண், இருபத்துநான்கு வயதிருக்கும், ஒரே தடவையில் சரியாகக் கட்டினார். கட்டிவிட்டு நேராகக் கேட்டார்.

"அப்பறம் எதுக்குங்க்கா இறுக்கமான்னு எழுதி வெச்சிருக்கறாங்க? நாங்க அதத்தானுங்க வரி மாறாமச் செஞ்சோம். சூப்பர்வைசர் எங்களத்தான் திட்டுனாரு. எந்த மகராசன் எழுதுனானோன்னு நாங்க தெனமும் சாபம் உட்டுட்டு இருந்தமுங்க."

இருபத்தொரு வருடமாக இஸ்மத் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தார். ஒரு கூட்டத்தில், மேலாளர்கள் முன்னால், கோப்பை மேசையில் வைத்துச் சொல்வதாக அவர் அதை எத்தனையோ முறை மனத்துக்குள் நடத்திப் பார்த்திருக்கிறார். அது இப்படி ஒரு கேள்விக்குப் பதிலாக வெளியே வரும் என்று நினைக்கவில்லை.

"நான்தானுங்க கண்ணு எழுதுனேன்."

நித்யஸ்ரீ நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சாபம் உட்டது சரிதான்" என்றார் இஸ்மத். "தப்புன்னு தெரிஞ்சு கடிதாசு குடுத்தேன். திருத்தல. அப்புறம் திருத்தச் சொல்லிக் கேக்கற வாய்ப்பு வந்தப்ப, நான் கேக்கல. வீம்பு. நீங்க திட்டு வாங்குனது என்ற வீம்புனாலதான்."

அந்த நேரத்தில் வாசலில் ஒரு மினி வண்டி வந்து நின்றது. பின்னால் சாக்குப்போட்டுச் சுற்றிய ஒரு மோட்டார். வண்டியிலிருந்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் இறங்கி, உள்ளே வரும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"பதினெட்டே நாளுங்க! பதினெட்டு நாள்ல பொகஞ்சு போச்சு. இந்தக் கம்பெனியில முப்பது வருசம் இருந்தவன் நானு. எந்தப் புண்ணியவான் சுத்துனது இத?"

மருதாசலம். பதின்மூன்று வருடத்தில் முடி முழுக்க வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"உங்க தாளப் பாத்துத்தானுங்க சுத்திருக்கறாங்க" என்றார் இஸ்மத்.

அவர் திரும்பினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சுவரில் லேமினேட் தாளைப் பார்த்தார். அடியில் தன் பெயரையும் பார்த்தார். வேட்டி நுனியைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது.

"ஒம்பதாவதுங்களா?"

"ஆமாங்க."

யாரோ ஒரு ஸ்டூலை நகர்த்தினார்கள். அவர் உட்கார்ந்தார். முதலில் தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"என்ற தோப்புக்கே வந்து சேந்துருச்சே அம்மணி."

இஸ்மத் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து பதினேழாவது தாளை அவர் முன் நீட்டினார். தன் கையெழுத்தை அவர் தூரத்தில் பிடித்தும் பக்கத்தில் பிடித்தும் பார்த்தார்.

"உங்க பேரத்தானுங்க எழுதிட்டுப் போனேன். ஆபீசுல, எழுதுனவங்க படிப்பு என்னன்னு ஒரு கட்டம் இருக்குது, அஞ்சாவதுன்னு போட்டாச் சான்றிதழ் வராதுன்னாங்க. என்ற பேரப் போட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். சொல்லல. அதுக்கப்பறம் உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குச் சங்கட்டமாப் போச்சு."

"எனக்குத் தெரியுமுங்க. அந்தப் பக்கமாச் சுத்திப் போவீங்க."

அருண்குமார் படிவத்தை நீட்டினார். மூலத் தாளைத் தயாரித்தவர் இஸ்மத்தான் என்று மருதாசலம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தயங்கினார்.

"என்ற பேரு முழுசா எடுத்துருவீங்களா? சரிபாத்தவருன்னு ஒரு கட்டம் இருக்குதே..."

இஸ்மத் அவரை நேராகப் பார்த்தார். "நீங்க சரிபாத்தீங்களா?"

மருதாசலம் யோசித்தார். "எங்கீங்க பாத்தேன்? அப்புடியே டைப்புக்கு அனுப்பிப்போட்டேன்."

"அப்பப் போட முடியாதுங்க."

"முடியாதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பதிலில் அவருக்கு வருத்தத்தைவிட ஆறுதல் அதிகமாக இருந்ததுபோல இஸ்மத்துக்குத் தோன்றியது. இஸ்மத் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். பிறகு எழுந்து, சாக்கைப் பிரித்து, மோட்டாரை உள்ளே எடுத்துவரச் சொன்னார். பிற்பகல் முழுவதும் அந்தக் கூட்டின் பழைய கம்பியை இழுத்துப்போட்டு, தானே புதிதாகச் சுற்றினார். பெண்கள் வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மருதாசலம் ஸ்டூலை விட்டு எழவில்லை. மாலை நான்கு மணிக்குக் கேட்டார்:

"எடுத்துட்டுப் போலாமுங்களா அம்மணி? தென்னை காயுது."

"தண்ணியில போட்டிருக்குதுங்க. நாளைக்கு நித்யஸ்ரீ சோதிச்சுக் குடுப்பாங்க. அவசரப்பட்டா மறுபடியும் ஒம்பதாவது வரிதான்."

ஆகஸ்ட் 4ஆம் தேதி, அருண்குமார் சொன்னபடியே, விளக்கம் கேட்டு இஸ்மத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கத்தில் பதில் எழுதினார், ஐந்து இணைப்புகள். 2004இல் வரியைத் தவறாக எழுதியது தான்தான் என்றும், பதினெட்டு நாளில் தவறைத் தெரிவித்ததாகவும், 2012க்குப் பிறகு வாய்ப்பிருந்தும் வாய் திறக்காமல் இருந்தது முழுக்கத் தன் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. கடைசி வாக்கியத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது. மற்றவற்றுக்குத் தேதிகள் இருந்தன. பதில் கோப்பில் சேர்க்கப்பட்டது, நடவடிக்கை இல்லை என்று 11ஆம் தேதி எழுதி அனுப்பினார்கள். அதுவும் இப்போது பதினான்காம் கோப்பில் இருக்கிறது.

புதிய தாள் 28ஆம் தேதி வந்தது. ஒன்பதாவது வரியில், "கற்றைக்கும் நூலுக்கும் இடையே சுண்டுவிரலை வைத்துக் கட்டி, முடிச்சிட்ட பின் விரலை உருவவும், இறுக்கக் கூடாது." அடியில், "தயாரித்தவர்: அ. இஸ்மத்." படிப்பு என்ற கட்டத்தை அருண்குமார் காலியாக விட்டிருந்தார். இஸ்மத் பேனா வாங்கி "ஐந்தாம் வகுப்பு" என்று தானே எழுதினார். திருத்தக் குறிப்பில் "முந்தைய பிழை தயாரித்தவருடையது" என்று சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.

31 ஞாயிறு என்பதால் கடைசி வேலைநாள் 30ஆம் தேதி, சனிக்கிழமை. மாலை, சால்வை, குக்கர் எல்லாம் மதியத்துக்கு மேல். காலையில் பிரிவுக்கு ஒரு புதிய பெண் வந்திருந்தார். வழக்கப்படி அவரைக் கண்ணாடிச் சட்டத்தின் முன் நிறுத்தினார்கள். அவர் திக்கித் திக்கி எட்டு வரை படித்தார். பழக்கம் போகவில்லை, பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கையை நீட்டிக் கண்ணாடியை மறைத்துவிட்டார்.

"ஒம்பதாவது வரியப் படிக்காதீங்க கண்ணு."

கோப்பு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த இஸ்மத் நிமிர்ந்தார்.

"கைய எடுங்க" என்றார். "படிக்கட்டும். அது என்ற வரி."